டிராகனை நம்புகிறோம், எடையில்லாத அம்பை ஏன் நம்ப மறுக்கிறோம்? ரோல்பிளேயிங் கேம்களில் யதார்த்தமும் மாயமும்

ரோல்பிளேயிங் கேம் (ஒரு கதாபாத்திரமாகவே மாறி, அதை வளர்த்து ஆடும் கேம்) ஆடுகிறவர்களிடையே ஒரு சண்டை ஓய்வதே இல்லை. "நூற்றுக்கணக்கான அம்புகளைச் சுமந்துகொண்டு ஓடுகிறேன், கொஞ்சம்கூடப் பாரம் ஏறவில்லை. இது நம்புகிற மாதிரியா இருக்கிறது?" என்று ஒருவர் கேட்பார். "வானத்தில் டிராகன் பறக்கிறது, உன் கையிலிருந்து நெருப்பு வருகிறது, அதையெல்லாம் ஏற்றுக்கொண்டு அம்புக்கா கணக்குப் பார்க்கிறாய்?" என்று இன்னொருவர் மடக்குவார். பெரும்பாலும் இரண்டாமவர் ஜெயித்ததாகவே பேச்சு முடியும்.

ஆனால் நியாயம் முதலாமவர் பக்கம்தான் இருக்கிறது. 2011-இல் வந்த ஸ்கைரிமை எடுத்துக்கொள்வோம். அதில் அம்புக்கு எடை பூஜ்யம். செத்து விழுந்த டிராகனின் ஒரே ஒரு எலும்புக்கு எடை 15. அந்த எலும்பை எடுத்துக்கொள்வதற்காக எந்தக் கேடயத்தைக் கீழே போடலாம் என்று திண்டாடும் அதே ஆளின் முதுகில் ஐந்நூறு அம்பு இருக்கலாம், ஒன்றும் ஆகாது. சுமை என்று ஒன்று இந்த உலகில் உண்டு என்று கேமே சொல்லிவிட்டது. சொன்ன பிறகு ஒரு பொருளுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறது. முறையிடுகிறவரை உறுத்துவது அந்த விலக்கு. டிராகனோடு அவருக்கு எந்தத் தகராறும் இல்லை.

## ஒரே பெயரில் மூன்று சரக்கு

"யதார்த்தம்" என்று கேம் உலகில் பேசும்போது மூன்று தனித்தனி விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீரும்.

1. சிமுலேஷன். நிஜ உலகின் விதிகளை கேம் எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைக்கிறது என்பது. பசி, தூக்கம், குளிர், சுமை, வாள் மழுங்குவது, காயம் ஆற நாளாவது எல்லாம் இதில் சேரும்.

2. உள் ஒழுங்கு. தான் போட்ட விதியை அந்த உலகம் எல்லா இடத்திலும் மதிக்கிறதா என்பது. அந்த விதி நம் உலகில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மரங்கள் பேசலாம்; ஆனால் முதல் காட்டில் பேசிய மரம் இரண்டாவது காட்டில் ஏன் ஊமையாக நிற்கிறது என்பதற்கு ஒரு காரணம் வேண்டும்.

3. மனித நடத்தை. தெருவில் கொலை விழுந்தால் பக்கத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார், வழிப்பறிக்காரன் எதற்காக வழிப்பறி செய்கிறான், ராஜாவிடம் நிர்வாணமாகப் போய் நின்றால் அவர் முகம் சுளிக்கிறாரா என்பது மாதிரியான சங்கதிகள்.

மாயத்தோடு இடம் பிடிக்கப் போட்டி போடுவது முதலாவது மட்டும்தான். மற்ற இரண்டும் மாயக் கதைக்குத்தான் அதிகம் தேவை. நிஜ உலகைப் பற்றிய கேமில் ஏதாவது விட்டுப்போனால் ஆடுகிறவர் தன் அனுபவத்தை வைத்து நிரப்பிக்கொள்வார். இல்லாத உலகத்தில் அப்படி நிரப்ப அவரிடம் ஒன்றும் கிடையாது.

## எதற்குச் சலுகை, எதற்கு இல்லை

டிராகன் எத்தனை டன் எடை, அந்தச் சிறகால் அது பறக்க முடியுமா என்று யாரும் கேட்பதில்லை. டிராகனை யாரும் பார்த்ததில்லை, அதனால் கேம் சொல்வதே சட்டம். ஆனால் உயரத்திலிருந்து குதித்தால் என்ன ஆகும், கனமான பையோடு மலை ஏறினால் மூச்சு எப்படி வாங்கும், ஈரத் துணியில் குளிர் எப்படி இருக்கும் என்பது ஒவ்வொருவர் உடம்புக்கும் தெரியும். அங்கே கேம் தப்பு செய்தால் மூளைக்கு முன்னால் உடம்பே கண்டுபிடித்துவிடும்.

இதிலிருந்து டிசைனர்கள் கையாளும் ஒரு வழக்கம் பிறக்கிறது. உச்சியில் எவ்வளவு விசித்திரம் வைக்கிறார்களோ, அடியில் அந்த அளவுக்குச் சாதாரண வாழ்க்கையைப் பரப்புகிறார்கள். 1992-இல் வந்த அல்டிமா 7 இதற்குப் பழைய உதாரணம். உலகையே விழுங்க ஒரு தீய சக்தி காத்திருக்கிறது. அதே கேமில் மாவை எடுத்து, தண்ணீர் சேர்த்துப் பிசைந்து, அடுப்பில் வைத்து ரொட்டி சுடலாம். கதைக்கு அந்த ரொட்டி தேவையே இல்லை. ஆனால் மாவும் அடுப்பும் எதிர்பார்த்தபடி வேலை செய்வதைக் கண்ட பிறகு, மந்திரமும் அப்படித்தான் வேலை செய்யும் என்று நம்பத் தோன்றும்.

2017-இல் வந்த செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட் இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. கறாராகப் பார்த்தால் அது ஆக்‌ஷன் அட்வெஞ்சர் வகை. இருந்தாலும் பாடம் பொதுவானது. இயற்பியல் எஞ்சின் போல "வேதியியல் எஞ்சின்" ஒன்றை வைத்திருக்கிறோம் என்று அதன் டிசைனர்கள் விளக்கினார்கள். புல்லில் தீ பற்றும். பற்றினால் சூடான காற்று மேலே எழும். அந்தக் காற்றில் பாராகிளைடரை விரித்தால் ஆளும் மேலே எழுவார். இடி மின்னலில் உலோக வாளோடு நின்றால் மின்னல் தாக்கும். அந்த வாளைக் கழற்றி எதிரிகள் நடுவே எறிந்தால் அவர்கள் மேல் விழும். தீப்பற்றிய புல் நிஜத்தில் ஒரு மனிதனைத் தூக்கி நிறுத்தாது என்பது எல்லாருக்கும் தெரியும். சூடான காற்று மேலே போகும் என்பதும் தெரியும். இரண்டாவது அறிவு சரியாக இருப்பதால் முதலாவது மிகையை மன்னிக்கிறோம்.

## பகடையிலிருந்து வந்த சிக்கல்

இந்த வகை கேம்களின் விதிகள் எல்லாம் ஏன் இப்படி எண்களாக இருக்கின்றன என்று புரிய, கணினிக்கு முன்னால் போக வேண்டும். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தாளும் பகடையும் வைத்து மேசையில் ஆடுவது. அதற்குத் தாய்வீடு போர் விளையாட்டுகள். அங்கிருந்துதான் ஹிட் பாயிண்ட் வந்தது. அடி விழும்போதெல்லாம் அந்த எண் குறையும், பூஜ்யம் ஆனால் ஆள் விழுவார்.

லெவல் ஏறிய வீரனுக்கு ஹிட் பாயிண்ட் பல மடங்கு. அப்படியென்றால் அவன் சதை இரும்பாகிவிட்டதா? இந்தக் கேள்வி அப்போதே எழுந்தது. 1979-இல் வந்த வழிகாட்டி நூலில் கைகாக்ஸ் கொடுத்த விளக்கம் இதுதான்: ஹிட் பாயிண்டில் உடம்பின் பங்கு கொஞ்சம்தான்; மீதி அனுபவம், அதிர்ஷ்டம், கடைசி நொடியில் விலகும் சாமர்த்தியம். எண் குறைகிறது என்றால் ஒவ்வொரு முறையும் வாள் உள்ளே இறங்கியது என்று அர்த்தமில்லை.

மேசையில் இது கச்சிதமாக வேலை செய்தது. காட்சி எதுவும் கண்ணுக்குத் தெரியாது, சொல்பவர் எப்படி வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். பகடையில் எண் போதாமல் போனால், "எதிரி சட்டென்று குனிந்துவிட்டான்" என்று ஒரு வரி போதும். கணினித் திரைக்கு வந்த பிறகும் சின்னப் பொம்மைகள் எதிரெதிரே நின்று ஆடிய காலம்வரை பிரச்சினை இல்லை.

பிரச்சினை முழுசாக வெடித்த இடம் 2002-இல் வந்த மோரோவிண்ட். முப்பரிமாண உலகம், கதாபாத்திரத்தின் கண் வழியே காட்டும் முதல் நபர் பார்வை. ஆனால் அடி விழுந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது உள்ளே உருளும் பகடை. ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், களைப்பு எல்லாம் சேர்ந்து ஒரு வாய்ப்பு விகிதம். புதிதாக ஆரம்பித்தவர் கரையோரமாக ஊரும் ஒரு நண்டுப் பிராணியின் முன்னால் நின்று வாளை வீசுவார். வாள் அதன் ஓட்டுக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணுக்குத் தெரியும். கேமோ "படவில்லை" என்று சொல்லும். நண்டு குனியவும் இல்லை, விலகவும் இல்லை. ஓடி வந்த களைப்போடு சண்டைக்கு நின்றால் நிலைமை இன்னும் மோசம்.

விதியைத் தனியாகப் பார்த்தால் அதில் யதார்த்தம் அதிகம்: கைப்பழக்கம் இல்லாதவன், அதுவும் மூச்சிரைக்க ஓடி வந்தவன், குறி தவறுவான்தானே. காட்சியைத் தனியாகப் பார்த்தாலும் குறையில்லை. இரண்டும் ஒன்றையொன்று பொய் என்று சொன்னதுதான் கோளாறு. 2006-இல் வந்த அடுத்த பாகமான ஆப்லிவியனில் அந்தப் பகடையை எடுத்துவிட்டார்கள். வாள் பட்டால் பட்டதுதான். திறன் குறைவு என்றால் சேதம் குறையும். சண்டை சரியானது. ஆனால் பழகாதவன் பழகியவனாக மாறும் அந்தச் சுவை கொஞ்சம் போய்விட்டது என்பது என் எண்ணம். மோரோவிண்டின் நண்டு ஓரிரு அசைவுகள் கூடுதலாகக் கற்றிருந்தால், விதியைக் காப்பாற்றியிருக்கலாம்.

## மாயத்துக்கு விலை வைத்தல்

மாயம் நம்பும்படி இருக்க இரண்டு பக்கம் கணக்கு வேண்டும். மந்திரம் போடுகிறவர் என்ன இழக்கிறார் என்பது ஒன்று. அந்த மந்திரம் இருக்கும் உலகம் எப்படி மாறியிருக்கும் என்பது இன்னொன்று.

முதல் கணக்குக்கு 2019-இல் வந்த அவுட்வர்ட் நல்ல உதாரணம். அதில் பிறவியிலேயே யாருக்கும் மந்திர சக்தி கிடையாது. ஒரு மலைக்குள் நடந்து போய், அங்கே சக்தி ஊறும் இடத்தில் உயிராற்றலிலும் உடல் தெம்பிலும் ஒரு பகுதியை நிரந்தரமாகக் கொடுத்து மானா எனும் மந்திர ஆற்றலை வாங்க வேண்டும். அதன் பிறகும் கையை நீட்டினால் நெருப்புப் பந்து வராது. ஒரு கல்லைத் தரையில் போட்டு நெருப்பு வட்டம் வரைய வேண்டும். அதற்குள் நின்றால்தான் வெறும் பொறி ஆயுதமாகும். இவ்வளவு பாடுபட்டு எறிந்த முதல் நெருப்பு, வேறு கேம்களில் எறிந்த நூறை விட நினைவில் நிற்கும்.

இரண்டாவது கணக்கில்தான் பெரும்பாலான கேம்கள் கோட்டை விடுகின்றன. 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 7 கதையின் நடுவே, கதாநாயகனோடு பயணிக்கும் ஏரித் கொல்லப்படுகிறாள். அன்று முதல் ஆடியவர்கள் கேட்டுவரும் கேள்வி: சண்டையில் விழுந்த ஆளை எழுப்பும் ஃபீனிக்ஸ் டவுன் பையில் அத்தனை இருக்கிறதே, ஒன்றை அவளுக்குக் கொடுத்தால் என்ன? சண்டையில் விழுவது மயக்கம், இது மரணம் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் வாள் குத்தியதும் வெடி வெடித்ததும் சண்டையில் வெறும் மயக்கம்தான் என்று கேம் அதுவரை எங்கேயும் சொல்லவில்லை. அந்தக் காட்சியின் வலி உண்மை, ஓட்டையும் உண்மை.

இதே இடத்தைச் சரியாகக் கையாண்டது 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3. பிணத்தோடு பேசும் மந்திரம் அதில் உண்டு. ஐந்து கேள்விதான் கேட்கலாம். அதைவிட முக்கியமான நுணுக்கம்: அந்த ஆளைக் கொன்றதே நீங்கள் என்றால் பிணம் உங்களோடு பேசாது. ஆனால் உருவம் மாற்றும் மந்திரத்தைப் போட்டுக்கொண்டு வேறு முகத்தோடு போனால் பேசும்! செத்தவனுக்கும் மனசு இருக்கிறது, கோபம் இருக்கிறது, ஆனால் அவனுக்குத் தெரிவது முகம் மட்டும்தான். மேலே பிரித்த மூன்றில் இரண்டாவதும் மூன்றாவதும் இங்கே சேர்ந்து வேலை செய்கின்றன. நிஜ உலகின் எந்த விதியையும் இது நகலெடுக்கவில்லை, ஆனாலும் ஆடுகிறவர் "ஆமாம், அப்படித்தானே இருக்கும்" என்று தலையாட்டிவிடுவார்.

## யதார்த்தத்துக்கும் விலை உண்டு

சரி, அப்படியானால் சிமுலேஷனைக் கூட்டிக்கொண்டே போனால் நல்லதுதானே? இல்லை. ஒவ்வொரு நிஜ விதியும் ஆடுகிறவரின் நேரத்தில் கை வைக்கிறது. வாங்கிய நேரத்துக்கு அது என்ன திருப்பித் தருகிறது என்று பார்க்க வேண்டும்.

இதில் துணிந்து இறங்கியது செக் நாட்டு வார்ஹார்ஸ் ஸ்டுடியோஸ் 2018-இல் வெளியிட்ட கிங்டம் கம்: டெலிவரன்ஸ். 1403-ஆம் ஆண்டு பொஹீமியா (இன்றைய செக் நாட்டின் பகுதி). மந்திரம் இல்லை, டிராகன் இல்லை. கதாநாயகன் ஹென்றி ஒரு கொல்லனின் மகன். அவனுக்குப் படிக்கத் தெரியாது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம் மாறிக் கலைந்து கிடக்கும். உஷிட்ஸ் என்ற ஊரில் இருக்கும் எழுத்தரைத் தேடிப் போய்க் கற்றுக்கொண்ட பிறகு, பயிற்சி ஏற ஏற வார்த்தைகள் தெளியும். படிப்பறிவு என்ற நிஜ விஷயம் இங்கே ஒரு மந்திரத்தைப் போலவே கிடைக்கிறது. தட்டுக் கவசம் போட்டவனை வாளால் வெட்டிப் பயனில்லை, கதாயுதம் வேண்டும் என்பதும், முகமூடித் தலைக்கவசம் பார்வையை மறைக்கும் என்பதும் அதே ரகம். ஒவ்வொன்றும் ஒரு முடிவை எடுக்க வைக்கின்றன.

அதே கேமில் நினைத்த இடத்தில் சேவ் செய்ய ஒரு மதுபானம் வேண்டும். காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது மூலிகை பறித்துக் காய்ச்ச வேண்டும். குடித்தால் போதையும் ஏறும். இல்லையென்றால் சொந்தப் படுக்கையில் தூங்கும்போது சேவ் ஆகும். தோல்விக்குப் பயம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். பயம் வந்தது. ஆனால் திடீரென்று எழுந்து போக வேண்டியவருக்கும் அதே தண்டனை கிடைத்தது. எதிர்ப்பு வலுத்ததும், சேவ் செய்து வெளியேறும் வசதியைப் பின்னர் ஓர் அப்டேட்டில் சேர்த்தார்கள். கதாபாத்திரத்துக்கு வைக்க வேண்டிய கஷ்டத்தை ஆடுகிறவருக்கு வைத்துவிட்டால் வரும் வினை இது.

2010-இல் வந்த ஃபால்அவுட்: நியூ வேகாஸில் விரும்பினால் போட்டுக்கொள்ளும் ஹார்ட்கோர் என்ற கடின முறையிலும் இந்த இரண்டு ரகமும் உண்டு. தோட்டாவுக்கு எடை வந்ததும், எந்தத் துப்பாக்கியோடு கிளம்புவது என்று யோசிக்க வேண்டியிருந்தது; சண்டைக்கு முன்பே சண்டை ஆரம்பித்துவிடும். காயத்துக்கு ஊசி போட்டால் உடனே குணமாகாமல் மெல்லக் குணமாவதும் அப்படித்தான். பசியும் தாகமும் அந்த அளவுக்கு எடுபடவில்லை. தின்னவும் குடிக்கவும் வழியெல்லாம் கிடைக்கிறது, அதனால் அவ்வப்போது ஒரு பட்டனை அழுத்தும் வேலையாகத்தான் மிஞ்சியது.

## கதை ஒரு பக்கம் இழுக்க, விதி ஒரு பக்கம் இழுக்க

மூன்றாவது வகை யதார்த்தம் உடையும்போது யாரும் அதை யதார்த்தப் பிரச்சினை என்று அழைப்பதில்லை, ஆனால் அதுதான் மிகவும் கெடுக்கிறது. கதை சொல்வதும் விதிகள் சொல்வதும் முரண்படும் நிலைக்கு டிசைனர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் வைத்த பெயர் லூடோநரேட்டிவ் டிஸொனன்ஸ். வாயில் நுழையாத பெயர், ஆனால் ஆடிய எல்லாருக்கும் தெரிந்த அனுபவம்.

ஆப்லிவியனில் ஆடுகிறவர் லெவல் ஏற ஏற எதிரிகளின் பலமும் கூடவே ஏறும். விளைவு, சாலையோரக் கொள்ளைக்காரர்கள் எல்லாம் ஒரு கட்டத்தில் அரிய கண்ணாடிக் கவசம் அணிந்து நிற்பார்கள். அந்தக் கவசத்தை விற்றாலே சுகமாக வாழலாம். அவனோ உங்களை மறித்து நூறு பொற்காசு கேட்பான். நரக வாசல் திறந்து பூதங்கள் வருவதை மறுபேச்சில்லாமல் ஏற்றவர்கள் இந்தக் கொள்ளைக்காரனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நேரமும் இப்படித்தான். "சீக்கிரம் போ, உலகம் அழியப்போகிறது" என்று கதை விரட்டும். ஆடுகிறவர் மாதக்கணக்கில் மீன் பிடித்துக்கொண்டிருக்கலாம், உலகம் பொறுமையாகக் காத்திருக்கும். 1997-இல் வந்த முதல் ஃபால்அவுட் காத்திருக்கவில்லை. நிலவறையில் இருக்கும் மக்களின் தண்ணீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு ஒரு சில்லு கொண்டுவர 150 நாள் கெடு. வணிகர்களிடம் காசு கொடுத்துத் தண்ணீர் அனுப்பச் சொன்னால் 100 நாள் கூடுதலாகக் கிடைக்கும், ஆனால் வண்டிகள் போய்வருவதால் ஒளிந்திருக்கும் அந்த இடம் வெளியே தெரியும் ஆபத்தும் கூடும். கெடு வைப்பது பலருக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. சுற்றிப் பார்க்க வந்தவரைக் கடிகாரம் துரத்தினால் எரிச்சல்தான் வரும். பெரும்பாலான கேம்கள் அதற்குப் பயந்தே அவசரத்தைக் கதையில் மட்டும் வைத்துக்கொள்கின்றன. அதைவிட, அவசரமில்லாத கதையை எழுதுவது சுலபமான வழி.

## ஒரு விதியைச் சேர்க்கும் முன்

இதுவரை பார்த்ததை வைத்து, ஒரு விதியை உள்ளே விடலாமா என்று கேட்க இந்தக் கேள்விகள் போதும்:

1. இது ஆடுகிறவரை எதையாவது தேர்ந்தெடுக்க வைக்கிறதா, அல்லது ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறதா? அவுட்வர்டில் பெரிய முதுகுப் பையோடு லாவகமாக உருண்டு தப்ப முடியாது. சண்டைக்கு முன் பையைக் கழற்றிப் போடலாம், ஆனால் தோற்று ஓடினால் பை அங்கேயே கிடக்கும். இது தேர்வு.

2. கஷ்டப்படுவது கதாபாத்திரமா, நாற்காலியில் இருப்பவரா?

3. திரையில் தெரியும் காட்சி இந்த விதியை ஆதரிக்கிறதா?

4. இதே விதி எதிரிக்கும் வழிப்போக்கருக்கும் பொருந்துமா? பொருந்தாது என்றால் ஏன்?

5. இந்த விதியால் உலகில் வேறு என்ன முளைக்கும்? 1996-இல் வந்த டாகர்ஃபாலில் (மோரோவிண்ட், ஆப்லிவியன், ஸ்கைரிம் தொடரின் முந்தைய பாகம்) பொற்காசுக்கு எடை உண்டு. அதனாலேயே அங்கே வங்கி இருக்கிறது, காசைக் கொடுத்துவிட்டு எடையில்லாத கடன் கடிதம் வாங்கிக்கொள்ளலாம். ஒரு சுமை விதி ஒரு நிறுவனத்தையே பெற்றெடுத்திருக்கிறது. பின்னால் வந்த பாகங்களில் காசின் எடை போனது, வங்கியும் கூடவே போனது.

## விருப்பத்தேர்வாக வைத்துவிட்டால்?

இப்போது பரவலாக உள்ள தீர்வு, யதார்த்த விதிகளைத் தனி முறையாக வைப்பது. வேண்டியவர் போட்டுக்கொள்ளட்டும், வேண்டாதவர் விட்டுவிடட்டும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஸ்கைரிமுக்கு 2017-இல் சர்வைவல் முறை வந்தது. பசி, குளிர், களைப்பு எல்லாம் வந்தன. ஆரம்பத்தில் சொன்ன அம்புக்கும் எடை வந்தது. நினைத்த இடத்துக்குத் தாவும் ஃபாஸ்ட் டிராவல் நின்றது.

அங்கேதான் அடித்தளம் தெரிந்தது. ஸ்கைரிமின் குவெஸ்டுகள் (ஆடுகிறவருக்குக் கொடுக்கப்படும் வேலைகள்) தாவிப் போகலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. வரைபடத்தின் ஒரு மூலையில் வேலை கொடுத்து இன்னொரு மூலைக்கு அனுப்பும், வேலை கொடுப்பவர் வழியும் சொல்லமாட்டார். திரையில் மிதக்கும் அம்புக்குறிதான் வழிகாட்டி. மோரோவிண்டில் ஃபாஸ்ட் டிராவல் பட்டன் இல்லாதது யாரையும் முடக்கவில்லை. ஊருக்கு ஊர் ராட்சதப் பூச்சியின் முதுகில் காசு கொடுத்துப் பயணம் போகலாம், படகு உண்டு, மந்திரவாதிகள் சங்கத்தில் கட்டணம் கட்டினால் இன்னொரு கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். "பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பு" என்று மனிதர்களே வழி சொல்வார்கள். நடக்க வேண்டிய உலகமாகவே அதைக் கட்டியிருந்தார்கள். ஸ்கைரிமில் நடக்க வைப்பது பின்னால் சேர்த்த விதி, நகரங்களுக்குக் குதிரை வண்டி இருந்தாலும், வழி சொல்லும் ஆட்கள் அதோடு சேர்ந்து வரவில்லை.